இருபது வருடம் சும்மா இருந்தேன் என்று உறுதிமொழி அளித்தல் தொடர்பாக

பெறுநர்:
சேர்க்கைப் பிரிவு,
தொலைநிலைக் கல்வி மையம்.

பொருள்: பி.ஏ. தமிழ் சேர்க்கை – இடைவெளிச் சான்று சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் பிளஸ் டூ முடித்தது 2005. தங்களிடம் விண்ணப்பித்தது 2025. நடுவிலே உள்ள வருடங்களைக் காணோமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாங்களும் வீட்டில் தேடிப் பார்த்தோம்.

படிவத்தில் 'இடைவெளிக்கான காரணம்' என்று கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்கள். "குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்கக்கா, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றான் ஜெராக்ஸ் கடைத் தம்பி. போட்டேன். அது போதாது, நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். 20 ரூபாயாக இருந்த பிரமாணப் பத்திரத்தின் முத்திரைக் கட்டணம் 2024 முதல் 200 ரூபாய். சும்மா இருந்தேன் என்று சொல்வதற்கும் விலைவாசி ஏறிவிட்டது.

கோர்ட் வாசலில் என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த வக்கீல், நான் என்னவெல்லாம் செய்யவில்லை என்பதை மூச்சுவிடாமல் சொல்லி டைப் அடிக்க வைத்தார். மேற்படி காலத்தில் எங்கும் பயிலவில்லை, எங்கும் பணிபுரியவில்லை, எந்தக் குற்ற வழக்கும் இல்லை. மூன்றாவது சத்தியம். முதல் இரண்டில்தான் மனசாட்சி உறுத்துகிறது.

அப்பா இறந்துபோன வருடம் என்னை ஒரு நூல் மில்லில் சேர்த்துவிட்டார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி மெஷினில் சைடு பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும். நள்ளிரவு ஷிப்டிலும் அது அறுந்துகொண்டேதான் இருக்கும். மில் ஏட்டில் எங்களைத் தொழிலாளி என்று எழுதவில்லை, 'பயிற்சியாளர்' என்றுதான் எழுதினார்கள். தொழிலாளி என்றால் சம்பளம் கூடுமல்லவா. ஆக, அவர்கள் கணக்குப்படி அந்த மூன்று வருடமும் நான் படித்துக்கொண்டிருந்தேன். தங்கள் கணக்குப்படி சும்மா இருந்தேன். இரண்டு அலுவலகமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் கையெழுத்துப் போடச் சித்தமாக இருக்கிறேன்.

பிறகு கல்யாணம், திருப்பூர், பனியன் கம்பெனி. கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, இப்போது ஓவர்லாக் ஓட்டுகிறேன். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வர ராத்திரி எட்டாகும். வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டால் சூப்பர்வைசர் சிரிக்கிறார். பீஸ் ரேட்டுக்கு ஏது சான்று?

அரசாங்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்கள். தங்கம் வந்தது 2011-ல், என் கழுத்தில் அதற்கு முன்பே மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. அதே அம்மையார் பெயரில் 2022-ல் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்றார்கள். நானும் அரசுப் பள்ளிதான். ஆனால் தொலைநிலைக் கல்விக்கு அது கிடையாதாம். அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குக் கிடைக்கும். அதில் எனக்கு நோட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

தொலைநிலைக் கல்விக்கான டெப் ஐடி கேட்டீர்கள். அதற்கு முன்னால் கிரெடிட் வங்கிக்கான ஏபிசி ஐடி. அதற்கு ஆதார். ஆதாரில் கணவர் இனிஷியல், மார்க்‌ஷீட்டில் அப்பா இனிஷியல். இரண்டிலும் இருப்பது ஒரே பெண் அல்ல என்கிறது கம்ப்யூட்டர். பல நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால் அதனிடம் வாதாடவில்லை; கெஜட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆகவே, அந்தக் கட்டத்தை இன்னும் நாலு வரி அகலமாக்கித் தருமாறும், அதுவரை இணைப்பில் உள்ள பொய்யை ஏற்றுக்கொண்டு எனக்குச் சேர்க்கை வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எங்கும் பயிலாத, எங்கும் பணிபுரியாத
மேற்படி மனுதாரர்

பின்குறிப்பு: பரீட்சையைச் சனிக்கிழமையில் வைக்க வேண்டாம். அன்றைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அதை வாங்கினால்தான் அடுத்த செமஸ்டருக்குப் பீஸ் கட்ட முடியும்.