அடியாட்களின் அறம்: கிறிஸ்துமஸ் நாளில் சண்டைப் படம் பார்ப்பது குறித்து, கார் நிக்கோபாரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

ஜான் மெக்டியர்னன் இயக்கிய 'டை ஹார்ட்' 1988 ஜூலையில், நல்ல கோடையில் வெளிவந்தது. கதை நடப்பதோ கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில். பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸ் வந்த போலீஸ்காரர் புரூஸ் வில்லிஸ், அவளுடைய அலுவலகக் கட்டடத்தைப் பிடித்த கொள்ளைக் கும்பலை வெறுங்காலோடு தீர்த்துக்கட்டுகிறார். இது கிறிஸ்துமஸ் படமா, வெறும் அடிதடியா என்று டிசம்பர்தோறும் உலகம் முட்டிக்கொள்கிறது. மரம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, செத்தவன் தலையில் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாய்கூட இருக்கிறது என்பது ஒரு சாரார் காட்டும் சான்று. இரு சாராரும் நாயகனையே பார்த்தார்கள், அடியாட்களைக் கவனித்தாரில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் எல்லையும்

களம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபார். இங்கே மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குத் தந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சனே 1952-ல் இத்தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். சென்னையிலிருந்து இணையம் கொண்டுவரும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியதால், உதை வாங்கிய அடியாள் திரையில் பாதி வழியில் தொங்காமல் உரிய நேரத்தில் தரைக்கு வந்து சேரவும் வாய்ப்பு உண்டு. ஆய்வுக் காலம் டிசம்பர் 24, 25 மட்டும். 26 இத்தீவில் 2004 ஆழிப்பேரலையில் போனவர்களுக்கு உரிய நாள்; அன்று இந்த ஆய்வுக்கு வேலையில்லை.

3. கருதுகோள்

சண்டைக் காட்சியில் கிறிஸ்தவ ஒழுக்கம் முழுவதும் அடியாட்களிடமே குடிகொண்டுள்ளது.

ஐம்பது பேர் சூழ்ந்து நின்றாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வருவார்கள். முன்னவர் வாங்கி முடிக்கும்வரை மற்றவர் அரிவாளை ஆட்டியபடி கால்மாற்றிக் காத்திருப்பார். ரேஷன் கடையிலும் காணாத வரிசை இது. ஒரு கன்னத்தில் வாங்கியவர் மறு கன்னத்தையும் தாமே திருப்புவார். விழுந்தவர் மறுபடி எழுந்து யாருக்கும் தொல்லை தருவதில்லை. ஜூடோ ரத்னம், சூப்பர் சுப்பராயன் எனத் தலைமுறை தலைமுறையாக நம் சண்டைப் பயிற்சியாளர்கள் போற்றி வளர்த்த நெறி இது. விலங்குக்கும் இதில் விலக்கில்லை. 'புலிமுருகன்' (2016) படத்துக்காக, சண்டை அமைப்புக்கான முதல் தேசிய விருதைப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். அதில் புலியே தன் முறை பார்த்துத்தான் பாய்கிறது. ஆஸ்கர்காரர்கள் இக்கலைக்கு விருது தரவிருப்பது 2028-ல்தான்.

இதைத் தொல்காப்பியர் சொன்ன தும்பைத் திணையில் அடக்கலாமே என்பர் சிலர். அடங்காது. தும்பையில் இரு தரப்பும் வெல்ல வந்தவை. அடியாட்கள் அந்த எண்ணத்தோடு வந்ததற்குச் சான்றில்லை.

4. சரிபார்ப்பு

ஒப்பீட்டுக்கு நிக்கோபார்ப் பன்றி எடுத்துக்கொள்ளப்பட்டது. முன்னோர் நினைவுப் பெருவிழாவில் இங்கே ஆண்கள் பன்றியோடு மல்லுக்கு நிற்பது மரபு. பன்றி வரிசை அறியாது; கன்னமும் காட்டாது. தன் முறைக்குக் காத்திருப்பவர், முறை வருமுன்பே தரையில் கிடப்பார். ஏறுதழுவலுக்கு முல்லைக்கலி உண்டு. பன்றி தழுவலைப் பாடும் அளவுக்கு எந்தச் சங்கப் புலவரும் அருகில் போகவில்லை. ஆகவே பன்றி ஸ்டண்ட் யூனியனில் சேரத் தகுதியற்றது.

கட்டடமும் சோதிக்கப்பட்டது. வில்லிஸின் வெற்றிக்குக் காற்றுக்குழாய், லிஃப்ட், கண்ணாடிச் சுவர் மூன்றும் வேண்டியிருந்தன. நிக்கோபாரின் மரபுக் குடில் கால்கள் மேல் நிற்கும் உருண்டைக் கூரை வீடு; தரையில் உள்ள திறப்பு வழியாக ஏணியில் ஏற வேண்டும். ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் படம் ஐந்தே நிமிடம். தவிர, 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்பம் நிறைந்த ஊரில் நாயகனைத் தனியாக மாட்டவைப்பது கடினம். அவன் முதல் அடி வாங்குமுன் மாமன் மச்சான் அத்தனை பேரும் ஏணியிறங்கிவிடுவார்கள்.

5. முடிவு

'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமே. அந்தப் பெருமை வில்லிஸைச் சேராது. மொத்தமாக ஏறிவந்து ஒரே நிமிடத்தில் கதையை முடித்திருக்கக்கூடியவர்கள், பண்டிகை நாளும் அதுவுமாக ஓரிருவராக வந்து செத்துக்கொடுத்தார்களே, அவர்களையே சேரும்.

6. மேலாய்வுக்கு

கையில் துப்பாக்கி இருந்தும் அதை எறிந்துவிட்டு முஷ்டியை மடக்கிக்கொண்டு வில்லன் வருவது ஏன்? இது திரைப்படத் துறையின் அறிவுக்கு எட்டாதது. இறையியல் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.