சீசியத்துக்கு ஏது சோப்பு?

கேள்வி: கதிரியக்கத் தூசு படிந்த கருவியையும் தரையையும் கழுவிச் சுத்தம் செய்ய முடியுமா?

பதில்: கழுவலாம்; ஆனால் அந்தத் தூசு இடம் மாறும், அழியாது. துடைத்த துணியும் கழுவிய நீரும் அப்புறம் கதிரியக்கக் கழிவு. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். உள்ளே இருந்தது நூறு கிராமுக்கும் குறைவான சீசியம்-137 உப்பு. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால், ஆசையாக வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அப்படிப் பரவியதைச் சுத்தம் செய்ய வந்தவர்கள், தட்டச்சு இயந்திரம் முதலியவற்றைக் காஸ்டிக் சோடாவாலும், பிறகு நம் வீட்டுப் படிகாரக் கரைசலாலும் துடைத்தார்கள். தேறாத வீடுகளை இடித்தார்கள், மேல்மண்ணை வாரினார்கள். சேர்ந்த கழிவு சுமார் 3,500 கனமீட்டர்! இறந்த நால்வரில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. அந்தக் கருவியைக் கேட்பாரற்று விட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.