லாரி நெரிசலும் கேரம் பலகையும்

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி வீடு சேர்வதற்குள் தலை கொதிக்கிறது. கோபமெல்லாம் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. என்ன செய்ய? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: நேரே வீட்டுக்குள் நுழையாதீர்கள். தெருமுனை கேரம் பலகைக்குப் போங்கள். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை விரல் நுனியில் வைத்துக் குறிபார்க்கும்போது மூச்சு தானாக நிதானப்படும். ஆத்திரத்தில் சுண்டினால் ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழும். போட்ட காயையும் திருப்பி வைக்க வேண்டும். கோபக்காரருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் உண்டா? 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, நம் வடசென்னை கேரம் பிள்ளைதான். காசு வைத்து மட்டும் ஆடாதீர்கள். தூக்கமே கெட்டுப்போனால் 14416ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.