காதுக்குள் ஓர் ஊசி

கேள்வி: கையில், இடுப்பில் குத்தியது போதாதென்று இப்போது செவிப்பறையிலுமா? பறையில் ஓட்டை விழுந்தால் காது கேட்குமா?

பதில்: கேட்காமல் போன காதுக்குத்தானே அந்த ஊசியே! ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் திடீரென்று செவிடாகிவிட்டால், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைப் பறை வழியாக நடுக்காதில் விடுகிறார்கள். அரை மில்லி அளவுதான். பறையை மரத்துப்போக வைத்துவிட்டே குத்துவார்கள். ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். கஷ்டம் அதற்குப் பிறகுதான்: சுமார் அரைமணி நேரம் தலையைச் சாய்த்துப் படுத்தபடி பேசக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது. விழுங்கினால் மருந்து உட்காதில் ஊறாமல் தொண்டைக்கு இறங்கிவிடும்.

ஒரு காது சட்டென்று அடைத்தால் அழுக்கு என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே காது டாக்டரிடம் ஓடுங்கள். முதல் இரண்டு வாரம் பொன்னானது.

கேள்வி: தலைசுற்றலுக்கும் இதே ஊசிதானா?

பதில்: எல்லாச் சுற்றலுக்கும் அல்ல, உட்காதுக் கோளாறான மெனியர் நோய்க்கு உண்டு. மாத்திரைக்கு அடங்காதபோது சிலருக்கு ஜென்டாமைசின் போடுகிறார்கள். காதைக் கெடுக்கும் என்று டாக்டர்களே அஞ்சும் அதே ஆன்டிபயாடிக்! அந்தக் காதின் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே முடக்கிச் சுற்றலை அடக்குகிறது. கேட்கும் திறனும் கொஞ்சம் குறையலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் குத்துவார்கள்.