ஆச்சாரியார் போட்ட வரி

நான் சேலம் கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில், பார் ரூமில் டீ வரும்வரை பெரிய வக்கீல்கள் பேசுவதற்கு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, புதிதாக வந்த முன்சீப்பின் கோபம். இன்னொன்று, ஆச்சாரியார், அதாவது ராஜாஜி. 1920இல் அவர் தொழிலை விட்டபோது அவர்களில் யாராவது பிறந்திருந்தாலே அதிகம். ஆனாலும் அவர் குறுக்கு விசாரணை செய்ததை, சாட்சி வியர்த்தது உள்பட, நடித்தே காட்டுவார்கள்.

அவரைச் சேலத்துக்காரர் என்று சொந்தம் கொண்டாடுவதில் இன்று ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 1878இல் அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில். அன்று அது சேலம் ஜில்லா. 1965இல் தர்மபுரிக்குப் போனது, 2004இல் கிருஷ்ணகிரிக்கு. 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய புதுப்பாளையம் இப்போது நாமக்கல் மாவட்டம். எங்கள் பங்குக்கு மிஞ்சியது, 1900இல் அவர் இங்கே ஆரம்பித்த வக்கீல் தொழிலும் நகராட்சித் தலைவர் நாற்காலியும்தான். பாகப்பிரிவினை என்றால் இப்படித்தான் ஆகும்.

அன்றைய சேலம் பார் சாதாரணப்பட்டதல்ல. மூத்தவர் விஜயராகவாச்சாரியார் 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். ஒத்துழையாமையில் அவருக்கு ஒப்புதல் இல்லை. அவர் தலைமையிலேயே அது நிறைவேறியது. இன்னொரு வக்கீல் நரசிம்மய்யர், பின்னாளில் நரசிம்ம சுவாமி என்ற பெயரில் மயிலாப்பூரில் அகில இந்திய சாயி சமாஜத்தை நிறுவியவர். ஒருவர் காங்கிரஸ் தலைவர், ஒருவர் சாமியார், ஒருவர் கவர்னர் ஜெனரல். இப்போது எங்கள் பாரில் இருந்து யாராவது கன்ஸ்யூமர் கமிஷன் உறுப்பினர் ஆனாலே டிபன் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுகிறோம்.

1917 முதல் 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். ஏறக்குறைய அதே சமயம் பக்கத்து ஈரோட்டில் அதே பதவியில் ஈ.வெ.ரா. குழாய்த் தண்ணீர், சாக்கடை என்று ஊர்க் கவலைகளில் வளர்ந்த சிநேகம் அது. ராஜாஜிதான் ஈ.வெ.ரா.வைக் காங்கிரசுக்கு இழுத்தார். 1938இல் ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதம மந்திரி. பள்ளியில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு போட்டவர். எதிர்த்த ஈ.வெ.ரா. சிறையில். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கூர்மையாக எழுதியவர் யார் என்றால், அதே ராஜாஜி. ஒரே வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானதாக எங்கள் தொழிலில் கேள்விப்பட்டதில்லை. அவர் ஆஜரானார். இரண்டு தடவையும் அவருடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்.

மற்ற வழக்குகளும் இந்தச் சாயல்தான். 1952இல் தேர்தலில் நிற்காமலே, மேலவை நியமனத்தின் வழியாக, காங்கிரசுக்காக ஆட்சி அமைத்தார். 1967இல் அதே காங்கிரசை இறக்க தி.மு.க.வோடு சேர்ந்தார், அதற்குப் பிறகு இங்கே காங்கிரஸ் ஏறவே இல்லை. 1954இல் அவர் விட்ட முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் காமராஜ். 1971 தேர்தலில் அந்தக் காமராஜோடு கூட்டணி. அன்று மேடையில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தவர் யாரோ, பாவம்.

ஒரே ஒரு வழக்கில்தான் அவர் கட்சி மாறவில்லை. மதுவிலக்கு. புதுப்பாளையத்தில் இருந்தபோதே, கல்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘விமோசனம்’ என்று அதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். ஆட்சி கைக்கு வந்ததும் 1937 அக்டோபர் 1இல் முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடைகளைப் பூட்டினார். சொந்த ஜில்லாவிலேயே சோதித்துப் பார்க்கும் துணிச்சல் இருந்தது. கஜானா இளைத்தது. வக்கீல் மூளை சும்மா இருக்குமா? 1939இல் பொது விற்பனை வரி வந்தது. வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் விற்கிற வியாபாரிக்கு நூற்றுக்கு அரை ரூபாய். குடிக்கிறவன் கொடுத்த காசை இனி துணி, மளிகை வாங்குகிறவன் கொடுப்பான் என்பது கணக்கு. வியாபாரிகள் குமுறினார்கள். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. வரி ராஜினாமா செய்யவில்லை.

1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தபோது, 92 வயதில் ராஜாஜி, முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டுகிற மழையில் போனார் என்று இன்றும் சொல்வார்கள். மழை பெய்ததோ இல்லையோ, கடைகள் திறந்தன. அடுத்த வருஷம் டிசம்பர் 25இல் அவர் காலமானார். மயானத்தில் பழைய சிநேகிதர் பெரியார் ஈ.வெ.ரா. குலுங்கி அழுதார். கடைகளை நடுவில் கொஞ்ச காலம் மூடினார்கள், பிறகு திறந்தார்கள். 1983இல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இப்போது அந்த வழியில் வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்கு வருகிறது.

சரி, கள்ளுக் காசுக்கு ஈடாக வந்த அந்த வரி? சேலம் கடைவீதியில் ஒரு பருத்தி வேட்டி எடுங்கள். பில்லின் அடியில் மத்திய அரசுக்கு இரண்டரை சதவீதம், மாநிலத்துக்கு இரண்டரை சதவீதம் என்று ஜிஎஸ்டி இரண்டு வரியில் இருக்கும். குவார்ட்டர் பாட்டிலுக்கு அது கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, மாநிலங்களின் வருமானம் பறிபோகாமல் இருக்க மதுவை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆக, பழைய விற்பனை வரியின் வாரிசான வாட், மாநிலத்தின் கையில் இன்னும் உயிரோடு இருப்பது முக்கியமாகப் பெட்ரோல், டீசல், மது இவற்றை நம்பித்தான். கள்ளுக் காசு வேண்டாம் என்று ஆச்சாரியார் பெற்ற பிள்ளை, தினமும் பகல் 12 மணிக்குக் கடை திறப்பதற்காக வரிசையில் நிற்கிறது.