முல்லோயாவும் தெரியட்டும்

கேள்வி: காந்தி, மார்ட்டின் லூதர் கிங் புத்தகங்களைப் படித்த மகள், "நம்ம ஆளுங்க யாரும் இப்படிப் போராடலையாம்மா?" என்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு தாய், கட்டுகஸ்தோட்டை

பதில்: இப்படிக் கேட்க வைத்த புத்தகங்கள் தம் வேலையை முடித்துவிட்டன, மிச்சம் நம் தலையில்! கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியில் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1948 குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தொழிலாளரின் சமூகமான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; பிறகு வாக்கும் பறிபோனது. அதை எதிர்த்து 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸார் கொழும்பில் சத்தியாகிரகம் இருந்தார்கள். கிங் முன்நின்ற மான்ட்கொமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு மூன்று வருடம் முந்தியது அம்மா இது! அடுத்து மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே'யைத் தேடி எடுங்கள். நீங்களே உரக்க வாசியுங்கள், குறுக்கே கேள்வி கேட்க அவளை விடுங்கள்.