இரவு பத்து மணிக்கு மேல் கேட்கப்படும் கணக்குகள்: ஓர் ஆய்வுரை

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கணக்கு வராதபோது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த செய்தியை இருநூறு பக்கத்துக்கு எழுதினால் முனைவர் பட்டம் தருகிறார்கள் என்பதால், ஐந்தாறு பக்கமாவது எழுதிப் பார்க்கலாம் என்று துணிந்தேன்.

ஆய்வு எல்லை: மாநிலப் பாடத்திட்டம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இரவு பத்து மணி முதல் ஒரு மணி வரை. காலை ஏழரைக்கு மேல் கேட்கப்படும் கணக்குகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவை சந்தேகத்தில் பிறந்தவை அல்ல, ஹோம்வொர்க் நோட்டில் பிறந்தவை. முதன்மை ஆதாரம் என் அக்கா மகனின் போன். துணைமை ஆதாரம் அக்கா. போனை அவன் மனமுவந்து தந்தான் என்று எழுதத்தான் ஆசை. ஆய்வு அறம் இடம் தரவில்லை. கேபிள் பழுதாகி என் சார்ஜரில் போட்டுவிட்டுப் போனான், திரை திறந்திருந்தது.

பதிப்பு முறை பற்றி ஒரு சொல். மூலத்தில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாடு இல்லை, புள்ளி இல்லை, ஒற்று இல்லை. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை எண்ணிக்கொண்டே தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருகிறேன். ஸ்டிக்கர்களை மாற்ற வழியில்லை.

இனி நூற்பா:

விடைமட்டும் கேட்டலும் வழிவகை கேட்டலும்
ஒன்றும் புரியாது உடைந்துபோய்க் கேட்டலும்
மூவகைத் தென்ப குழுவினுள் வினாவே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், குழுவில் வரும் வினாக்களின் பாகுபாடு உணர்த்துதல் நுதலிற்று. ‘என்ப’ என்றமையால் முன்னோர் சொன்னதாகக் கொள்க. முன்னோர் யாரும் சொல்லவில்லை, நேற்று நான்தான் எழுதினேன். ஆனாலும் ‘என்ப’ இல்லாத நூற்பாவை யார் மதிக்கிறார்கள்?

முதல் வகையை விரைந்து கடக்கலாம். மொத்தம் 90 மதிப்பெண் தாளில் 20 மதிப்பெண் ஒரு மார்க் வினாக்கள். ‘பன்னெண்டாவதுக்கு ஆப்ஷன் என்னடா’ என்று ஒருவன் கேட்பான், ‘சி’ என்று ஒருத்தி சொல்வாள், ‘பி இல்ல?’ என்று மூன்றாமவன் கிளப்புவான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை அச்சாகியே இருக்கிறது. பின் ஏன் கேட்கிறார்கள்? பக்கம் புரட்டச் சோம்பல் என்பர் ஒரு சாரார். அற்றன்று. அச்சில் இருப்பது விடை என்று தெரியும். அது எல்லோருக்கும் அதே விடைதானா என்று உறுதி செய்துகொள்வதே நோக்கம். கோயில் பிரசாதம் பக்கத்து இலையிலும் அதேதானா என்று எட்டிப் பார்ப்பதில்லையா, அது போல.

ஆய்வின் உயிர்நாடி இரண்டாம் வகை. ஓர் இரவின் பதிவை அப்படியே தருகிறேன். 10.47-க்கு ஒரு படம் வந்திருக்கிறது. சாய்ந்த படம், இடது மூலையில் கட்டைவிரல், பின்னணியில் ரோஜாப்பூப் போட்ட போர்வை. நடுவே தொகை நுண்கணிதக் கணக்கு ஒன்று: கீழ் எல்லை 0, மேல் எல்லை பை பை டூ. சைன் எக்ஸை, சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸால் வகுத்துத் தொகையிட வேண்டும்.

‘டேய் இந்த சம் யாராச்சும் போடுங்கடா.’

‘ஈஸிடா.’

‘அப்போ போடு.’

(பதில் இல்லை.)

‘சேம் டவுட்.’

‘சேம் டவுட் ப்ரோ.’

வடிவேலு ஸ்டிக்கர் ஒன்று.

‘பிராப்பர்டி யூஸ் பண்ணணும்டா.’

‘எங்க தாத்தா பிராப்பர்டியே கேஸ்ல கெடக்கு, நீ வேற.’

இதற்குப் பதினொரு பேர் சிரித்திருக்கிறார்கள். கணக்கைப் பற்றி அடுத்த பேச்சு வர இருபது நிமிடம் ஆகிறது. 11.20-க்கு, அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் கோடு போட்ட தாளில் எழுதிய நான்கு வரியைப் படமெடுத்துப் போடுகிறாள். எக்ஸ் உள்ள இடத்தில் எல்லாம் ‘பை பை டூ மைனஸ் எக்ஸ்’ போடு. சைன் எல்லாம் காஸ் ஆகும், காஸ் எல்லாம் சைன் ஆகும். கணக்கின் மதிப்பு மாறாது, தோற்றம் மட்டும் மாறும். பழையதையும் புதியதையும் கூட்டினால் மேலும் கீழும் ஒன்றாகி வெறும் 1 மிஞ்சும். ஆக இரண்டு மடங்கு பை பை டூ, ஒரு மடங்கு பை பை ஃபோர். கேட்டவனோ டான் போட்டு, பகுதிப் பின்னம் வரை போய், ஒன்றரைப் பக்கம் எழுதி, அடித்து வைத்திருந்தான். அதுவும் தப்பான வழி இல்லை. மதுரைக்குப் போக ராமேசுவரம் பஸ்ஸில் ஏறியவன்தான், ஆனால் போய்ச் சேருவான்.

இங்கே உரையாசிரியர் நின்று கவனிக்க வேண்டியவர் மூவர்.

முதலாமவர் ‘ஈஸிடா’ என்றவர். எல்லாக் குழுவிலும் இவர் ஒருவர் உண்டு. ‘அப்போ போடு’ என்றதும் இவருக்குப் பசிக்கிறது, அல்லது சார்ஜ் தீர்கிறது, அல்லது அப்பா கூப்பிடுகிறார். இவர் பொய் சொல்வதாகச் சொல்லிவிட முடியாது. வகுப்பில் ஆசிரியர் போர்டில் போட்டபோது இவருக்குப் புரிந்தது உண்மை. புரிந்ததும் வந்ததும் ஒன்று என்று நம்புகிறார், அவ்வளவுதான். கல்லூரி ஆசிரியர்களிலும் இவ்வகையினர் உளர்.

இரண்டாமவர் விடை போட்ட பெண். இவளைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகவே எழுதுவார்கள், நான் தனியாக எழுதத் தேவையில்லை.

மூன்றாமவர்தான் என் ஆய்வின் நாயகர்: ‘சேம் டவுட்’ என்றவர். கணக்கைத் தீர்க்க ஒரு துரும்பையும் இவர் கிள்ளிப் போடவில்லை. ஆயினும் என் கருதுகோள், குழுவில் நடந்த ஒரே உண்மையான உதவி இவர் செய்ததே என்பது. ஆதாரம் வேண்டும் அல்லவா? படம் போட்டவன் என் அக்கா மகனேதான். விடை வந்ததும் புரிந்ததா என்று மறுநாள் கேட்டேன்.

“எந்த விடை மாமா?”

“பதினொன்னு இருபதுக்கு ஒரு பொண்ணு போட்டுச்சே.”

“அதுவா, காலையில பஸ்ல பார்த்தேன். ராத்திரி ரெண்டு பேருக்கு வரலன்னதும் தூங்கிட்டேன்.”

பிறகுதான் என் சார்ஜரை நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று அவனுக்கு உறைத்தது. அந்தப் பேச்சு ஆய்வுக்கு வெளியே.

இதற்கு ஒரு தடை எழும். போட்டோ எடுத்துக் காட்டினால் படிப்படியாகத் தீர்த்துத் தரும் ஃபோட்டோமேத் போன்ற செயலிகள் 2014 முதலே உள்ளன, இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. கட்டைவிரலையும் ரோஜாப்பூவையும் தாண்டிக் கணக்கைப் படித்து அரை நொடியில் பதில் சொல்லும். பின் இருபது நிமிடம் ஸ்டிக்கர் பார்த்துக்கொண்டு காத்திருப்பானேன் என்பது தடை. விடை: செயலிக்கு எல்லாக் கணக்கும் வரும். அதுதான் அதன் குறை. கணக்கு வராத ஒருவன் இரவு பதினொரு மணிக்குத் தேடுவது தன்னைப் போல் வராத இன்னொருவனை. ‘எனக்கும் வரலடா’ என்று சொல்லும் செயலியை எந்த நிறுவனமும் காசு போட்டுச் செய்யாது.

வரலாற்றுச் சான்று தராத ஆய்வு தேர்வாளர் முன் நிற்காது. 1907-இல் வி. ராமசாமி ஐயர் என்னும் துணை ஆட்சியர், கணக்குப் பைத்தியம் பிடித்த நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். தனியாளாக வாங்க முடியாத கணித இதழ்களையும் நூல்களையும் சேர்ந்து வாங்கி, அஞ்சலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விடுவது ஏற்பாடு. பார்வேர்ட் செய்வது என்று இன்று சொல்கிறோமே, அதேதான், ஸ்டாம்பு ஒட்டி. அதுவே இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. வேலை கேட்டு வந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்து, இவரை ரெவின்யூ குமாஸ்தாவாக்கிப் பாழாக்கக் கூடாது என்று சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியவரும் இதே ஐயர்தான்.

அந்தச் சங்கத்தின் இதழில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் கணக்குப் போடலாம். 1911-இல் ராமானுஜன் ஒன்று போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் கணக்கு: 1 கூட்டல் 2 பெருக்கல், 1 கூட்டல் 3 பெருக்கல், 1 கூட்டல் 4 பெருக்கல் எனப் படி இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு படியிலும் ஒரு மூலக்குறி. மாதக்கணக்கில் எவரும் பதில் எழுதவில்லை. இதழைப் பிரித்தார்கள், படித்தார்கள், மூடினார்கள். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. கடைசியில் ராமானுஜனே விடையையும் கொடுத்தார்: 3.

விடை தெரிந்தபின் வழி கண்ணில் படும். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம், 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம், 25 என்பது 1 + 4 × 6. இப்படி அவிழ்த்துக்கொண்டே போகலாம். (எல்லையில்லாமல் போவது உண்மையிலேயே 3-இல் போய் நிற்கிறதா என்று நிறுவுவது தனி வேலை. அதைக் கேட்டால் எனக்குப் பசிக்கிறது.) அந்த மாதங்களில் யாரேனும் ஒருவர் காலணா அஞ்சலட்டையில் ‘ஐயா, எனக்கும் வரவில்லை’ என்று எழுதிப் போட்டிருந்தால் ராமானுஜனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! தனக்கு வந்த கணக்கைக் கேட்டவருக்கு அந்த ஆறுதல் எதற்கு என்று மறுப்போர் இருக்கலாம். அவர்கள் குழுவில் கேள்வி போட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்ததில்லை.

தப்பு விடை போடுவோர் இனி. இவர்களை இழித்துரைப்பது வழக்கம், நான் உடன்பட மாட்டேன். கேள்வி கேட்டால் இணையத்தில் பதில் வராது, தப்பான பதிலைப் போட்டால் திருத்த ஊரே ஓடிவரும் என்று ஒரு விதி உண்டு. 1995-இல் முதல் விக்கித் தளத்தை உருவாக்கிய வார்ட் கன்னிங்ஹாம் பெயரால் அது வழங்குகிறது. தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். தவறான செய்தியைப் போட்டால் திருத்துவார்கள் என்ற விதியே தவறான பெயரோடு திருத்தப்படாமல் உலவுகிறது, பாருங்கள். விதி எப்படியோ, குழுவில் அது நடக்கிறது. மேற்சொன்ன கணக்குக்கே இன்னொருவன் ‘ஆன்சர் 1’ என்று போட்டிருந்தால் அந்தப் பெண் 11.20 வரை பொறுத்திருக்க மாட்டாள்.

இந்த விதியின் உச்சம் குடும்பக் குழுக்களில் காணப்படும். 2019-இல் 8 வகுத்தல் 2, அடைப்புக்குள் 2 கூட்டல் 2 என்ற கணக்கு உலகெங்கும் சுற்றியது. இடமிருந்து வலமாகப் போனால் 16, அடைப்பை ஒட்டிய 2-ஐ முதலில் பெருக்கினால் 1. கணக்கை எழுதிய முறையே கோளாறு, ஒரு அடைப்புக்குறி கூடுதலாகப் போட்டால் சண்டை தீரும். ஆனால் சித்தப்பாக்கள் அடைப்புக்குறி கேட்டா வந்தார்கள்? போட்மாஸ் என்று ஒருவர் தொடங்குவார், எங்கள் காலத்து எஸ்.எஸ்.எல்.சி என்று இன்னொருவர் முடிப்பார், அடுத்த நாள் நிச்சயதார்த்தத்தில் இருவரும் வேறு வேறு பந்தியில் சாப்பிடுவார்கள். இது என் ஆய்வு எல்லைக்கு வெளியே என்பதால் விடுகிறேன்.

முகம் தெரியாதவர் உதவிக்கு உலகச் சான்று ஒன்று உண்டு, விட மனமில்லை. ‘தி மெலன்கொலி ஆஃப் ஹருஹி சுசுமியா’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 14 எபிசோடுகள் கதை வரிசை கலைந்து ஒளிபரப்பாயின. சரி, சாத்தியமான எல்லா வரிசையிலும் பார்த்துவிட வேண்டுமென்றால் குறைந்தது எத்தனை எபிசோடு பார்க்க வேண்டும் என்று 2011-இல் 4சான் தளத்தில் கேள்வி எழுந்தது. பெயர் போடாத ஒருவர் பதில் எழுதினார்: எப்படிப் பார்த்தாலும் 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611-க்குக் குறையாது. எபிசோடுக்கு 24 நிமிடம் வைத்தால் சுமார் 43 லட்சம் ஆண்டு, இன்டர்வெல் இல்லாமல். ஆட்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். 2018-இல்தான் கணிதர்கள் கண்ணில் இது பட்டது. தாங்கள் அதுவரை அறிந்திருந்ததைவிட நல்ல கீழ் எல்லை அது என்று கண்டு, முறையான கட்டுரையாக எழுதினார்கள். முதல் ஆசிரியர் என்ற இடத்தில் ‘பெயரிலி 4சான் பதிவர்’ என்று போட்டார்கள். அவர் யாரென்று தெரியாது. அவருடைய அம்மா அன்றிரவு ‘இன்னும் என்னடா போனு?’ என்று கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

மூன்றாம் வகை வினா எஞ்சியிருக்கிறது: ‘எனக்கு மேத்ஸே புரியல.’ படம் இல்லை, பயிற்சி எண் இல்லை. பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மிகுதி. இதற்கு வழிமுறை எழுதுவார் யாரும் இல்லை, ‘ஈஸிடா’காரரும் அன்று வாய் திறப்பதில்லை. வருவது ஒரே பதில்தான், வரிசையாக ஒன்பது பேரிடமிருந்து. எது என்று எழுத வேண்டியதில்லை.

மேலாய்வுக்கு உரிய களங்கள் பல. வாய்ஸ் நோட்டில் தீர்க்கப்பட்ட கணக்குகள், குறிப்பாக நாய் குரைப்பு இடையிடும் இடங்கள். ஆசிரியர் குழுவில் சேர்ந்தபின் பிள்ளைகள் தொடங்கும் இரண்டாம் குழு. ‘தேங்க்ஸ்டா, புரிஞ்சிடுச்சு’ என்ற வாக்கியத்தின் உண்மைத்தன்மை. இவற்றினும் முக்கியமானது ஒன்று: விடை போட்ட அந்தப் பெண் குழுவில் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவளுக்கு வராத கணக்கை அவள் எங்கே கேட்கிறாள்? டாப்பர்கள் நாலு பேருக்குத் தனிக் குழு ஒன்று உண்டாம். அதில் ‘சேம் டவுட்’ என்று போடுவார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி அக்கா மகனிடம் கேட்டேன். அவனையே இன்னும் சேர்க்கவில்லையாம்.